கடைசியாக வந்த எண்

எங்கள் டெஸ்டர் பெண்ணின் வேலையைப் பறித்தது நீங்கள். அவளுடைய கவனக்குறைவு என்று விடுவிப்புக் கடிதத்தில் எழுதியது பொய். பொய் என்று தெரிந்துதான் கையெழுத்துப் போட்டீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவள் எழுதிவைத்த குறையை நீங்கள் மூடிய அன்று உங்கள் அறையில், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது நான்தான்.

அந்தக் கடிதத்தால் அவளுக்கு அடுத்து கிடைத்த வேலையும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் கடிதம் மாறவில்லை என்றால் அதுவும் போய்விடும். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது. கோர்வையாக இல்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுக்காமல் போங்கள்.

பெயர் எதுவும் போடவில்லை. போட்டால் நீங்கள் வக்கீலிடம் ஓடுவீர்கள், பேச்சு அங்கே திரும்பிவிடும்.

மண்ணூர்பேட்டையில், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒட்டிய ஒரு தெருவில், லேத் பட்டறைக்கு மேலே முதல் மாடியில், நீங்கள் முதலாளியாக இருக்கிற எங்கள் கம்பெனி. பதினோரு பேர். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். கீழே பெரிய மெஷின் ஓடினால் என் மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குள் வட்டம் வட்டமாக அலை வரும். ஏழு வருடம் அந்த அலையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தேன். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். மெட்ரோவுக்காகக் கிழித்துப் போட்ட ரோட்டில் பஸ் நகர்வதற்குள் பாதி நாள் வேலையை போனிலேயே முடித்திருப்பேன்.

ரசாயனச் சாயம் போடாத துணி விற்கிற ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. கடை கிடையாது, நெட்டில் மட்டும் வியாபாரம். துணி சுத்தமாக இருக்கிறது, வெப்சைட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு யோசனை சொன்னது நான். இப்போதும் அது நல்ல யோசனை என்றுதான் சொல்வேன்.

யோசனை இதுதான். ஒரு பக்கத்தைத் திறந்தால் எங்கோ மின்சாரம் செலவாகிறது. பெரிய படமும் வீடியோவும் இருந்தால் கூடுதலாகச் செலவாகும். காற்றாலையும் சோலாரும் நிறைய கொடுக்கிற நேரத்தில் எல்லாப் படத்தையும் பெரிதாகக் காட்டலாம். நிலக்கரியை எரித்து ஓட்டுகிற நேரத்தில் சின்னப் படமும் எழுத்தும் போதும். பக்கத்தின் தலையில் ஒரு வட்டப் புள்ளி. காற்றும் வெயிலும் அதிகமானால் பச்சை, நிலக்கரி அதிகமானால் ஆரஞ்சு. புள்ளியை ஒட்டி ஒரு எண், இந்த நேரத்தில் அவற்றின் பங்கு எவ்வளவு என்று. புடவை வாங்க வருகிறவர் அதையும் பார்த்துவிட்டுப் போவார்.

இதற்கு ஒரு தகவல் வேண்டும். இப்போது, இந்தக் கால் மணி நேரத்தில், கம்பியில் வருவது எதிலிருந்து வருகிறது என்ற தகவல். நேற்றுக் கணக்கு உதவாது. நேற்று அடித்த காற்றை வைத்து இன்று படத்தைப் பெரிதாக்கி என்ன புண்ணியம்?

அந்தத் தகவலைத் தேடி நான் அலைந்தது தனிக்கதை. கண்ணால் பார்க்கிற மாதிரி பல இடங்களில் கிடைத்தது. ஒரு புரோகிராம் எடுத்துப் படிக்கிற மாதிரி கிடைக்கவில்லை. கடைசியில் தகவல் விற்கிற ஒரு தனியார் கம்பெனி மூன்று மாதம் சோதனைக்குத் திறந்துவிட்டது. சித்திரையில் ஆரம்பித்தோம். கால் மணிக்கு ஒரு எண் வந்து விழும். முதல் வாரம் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் ஏறும், பொழுது சாய்ந்தால் இறங்கும், வைகாசிக் காற்று கிளம்பியதும் சாயங்காலத்திலும் தாக்குப்பிடிக்கும். வீட்டில் ஃபேனைப் போடும்போதுகூட அந்த எண் ஞாபகத்துக்கு வரும்.

அப்போது நீங்கள் ஒரு கட்டளை போட்டீர்கள். பக்கத்தில் எந்த இடமும் காலியாகத் தெரியக்கூடாது, நெட் போனாலும் போகாவிட்டாலும் எண் நிற்க வேண்டும். நான் ஒரு வரி எழுதினேன். தகவல் வராவிட்டால் கடைசியாக வந்த எண்ணைக் காட்டு. எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் இந்த வரியை எங்கேயாவது எழுதியிருப்பார்கள். ஐந்து நிமிடம் தொடர்பு விட்டுப்போனால் சமாளிக்க எழுதுவது. எவ்வளவு நேரம் வரை காட்டலாம் என்று ஒரு வரம்பு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது என் தப்பு. அதை எந்தக் கூட்டத்தில் வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆடி மாதம் சோதனைக் காலம் முடிகிற நேரம். நீட்டித்துத் தரச் சொல்லி நான்தான் போன் செய்தேன். எடுத்தவர் நாங்கள் மின்சாரம் வாங்குகிறவர்களா விற்கிறவர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை, வெப்சைட் என்றேன். அவருக்குச் சிரிப்பு.

“மேடம், நேரடித் தகவல் கரண்ட் வாங்கி விக்கிறவங்களுக்கு. நீங்க சேலை படத்தைப் பெருசா காட்டலாமா சின்னதா காட்டலாமான்னு பாக்குறதுக்கு அது எதுக்கு? நேத்து ஃபைல் தரேன், வெச்சுக்கோங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். யார் வீட்டுக் காற்று அது? யார் வீட்டு வெயில்? எந்த நேரத்தில் எந்த மின்சாரம் என் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்துகொள்ள நான் வியாபாரியாக இருக்க வேண்டுமாம். இதை உங்களிடம் வந்து சொன்னேன். நீங்கள் லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மேலே தெரிந்த ஆள் இருக்கிறார், பேசிக்கொள்கிறேன் என்றீர்கள். நான்கு நாள் கழித்து மாடிப்படியில் பார்த்தபோது பேசியாகிவிட்டது, ஓடுகிறது என்றீர்கள். நான் போனில் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எண் இருந்தது, பச்சையும் இருந்தது. நம்பினேன்.

யாரிடமும் நீங்கள் பேசவில்லை என்று பின்னால் தகவல் விற்கிற கம்பெனியையே கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தக் கம்பெனி மூன்று முறை உங்கள் முகவரிக்கு மெயில் போட்டிருக்கிறது, இன்ன தேதியோடு நிற்கிறது என்று. நான் எழுதிய வரி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆடி மாதம், நல்ல காற்று, உச்சி வெயில், அந்தக் கால் மணியில் வந்த கடைசி எண்ணை அது பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் யாராவது உண்மை என்று எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. பதினோரு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எண் இருக்கிறதா என்றுதான் எங்கள் சோதனை பார்க்கும். எண் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை.

கவனித்தது டெஸ்டர், நாங்கள் எழுதுவதில் குறை தேடுவதே வேலையாக இருந்தவள். ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. எங்களிடம் வந்து ஒன்றரை வருடம்தான். வாய் ஜாஸ்தி. நான் எழுதிய எதையும் ஒரு தடவையில் பாஸ் செய்ததில்லை. அதற்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன், ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

கீழே லேத் பட்டறைக்காரருக்கு எங்கள் புள்ளி ஒரு வேடிக்கை. டீக்கடையில் எங்களைப் பார்த்தால், “இன்னா மேடம், இன்னிக்கு காத்து அடிக்குதா, கட தொறந்து கீதா?” என்பார். ஐப்பசி ஆரம்பத்தில் ஒருநாள் சாயங்காலம் நானும் டெஸ்டரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து தூறல், வானம் மூடிக்கிடந்தது, ஒரு இலை அசையவில்லை. அவர் பெரிய மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஏன் சீக்கிரம் என்று இவள் கேட்டாள். ஆறரைக்கு மேல் பீக் அவர், எல்லோரும் இழுக்கிற நேரம், இந்த நேரத்தில் மெஷின் போட்டால் கரண்ட் ஆபீஸுக்குத்தான் உழைக்க வேண்டும் என்றார். இவள் போனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தாள். நல்ல பச்சை. வீடியோ தானாக ஓடியது.

“அக்கா, இது இன்னாக்கா? சூரியன் ஊட்டுக்குப் போயிடுச்சு, காத்தும் இல்ல, இது மட்டும் ஜோரா கீது. காலைல பாத்தப்பவும் இதே நம்பருதான்.”

தற்செயல் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலை பத்து மணியிலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை பக்கத்தைப் படம் எடுத்தாள். சாப்பிடப் போனபோதும் போனை மேஜையில் நிறுத்தி வைத்துக்கொண்டு எடுத்தாள். ஆறு மணிக்கு எல்லாவற்றையும் வரிசையாக ஒட்டி, தகவல் நின்றுபோயிருக்கிறது, பழைய எண் ஓடுகிறது, உடனே புள்ளியை எடுக்க வேண்டும் என்று டிக்கெட் போட்டாள். டிக்கெட் என்பது எங்கள் தொழிலில் குறையை எழுதிவைக்கிற சீட்டு. கம்ப்யூட்டரில் பதிவாகும், சரிசெய்கிற வரை திறந்திருக்கும்.

நான் அந்த டிக்கெட்டோடு உங்கள் அறைக்கு வந்தேன். புள்ளியை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் நேற்றைய நிலவரம் என்று பெரிதாக எழுதிவிட்டு நேற்றைய ஃபைலையே போடலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்றேன். கொஞ்ச நேரம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தீர்கள். உங்களுக்கு ஆச்சரியமே இல்லை. பிறகு அட்மின் லாகினில் நுழைந்து, காரணம் என்ற இடத்தில் ‘வடிவமைப்பே இப்படித்தான்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட்டை மூடினீர்கள்.

“சனிக்கிழமை எனக்கு மேடை இருக்கும்மா. அது முடியட்டும். திங்கக்கிழமை நானே திறந்து விடுறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் பேச வேண்டாம்.”

சரி சார் என்றேன். அதைச் சொன்ன என் வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சனிக்கிழமை அந்த மேடைக்கு எங்களையும் கூட்டிப்போனீர்கள். பூமியைக் கெடுக்காத வெப்சைட் எப்படிச் செய்வது என்று பேச்சு. நூறு பேர் இருப்பார்கள், எல்லோரும் ஐடி. பேச்சின் முடிவில் பக்கத்தைத் திரையில் திறந்தீர்கள். இந்த நிமிடம் தமிழ்நாட்டின் காற்றும் வெயிலும்தான் இந்தப் படங்களை உங்களுக்குக் காட்டுகின்றன என்றீர்கள். வெளியே இருட்டிவிட்டது. மழை கொட்டியது. அரங்கத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் உள்ளே கேட்டது. நூறு பேரும் கை தட்டினார்கள். ஒருத்தருக்கும் ஜன்னல் பக்கம் திரும்பத் தோன்றவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த டெஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை வந்தது. டிக்கெட் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து துணிக் கம்பெனிக்கு ஒரு வாடிக்கையாளர் எழுதினார். அவர் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் காற்றாலைகள் தெரியுமாம். பத்து நாளாக ஒன்றும் சுற்றவில்லை, உங்கள் பக்கத்தில் மட்டும் எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டிருந்தார். கம்பெனி உங்களைக் கேட்டது. நீங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, டெஸ்டிங் என்ன செய்துகொண்டிருந்தது என்று ஆரம்பித்தீர்கள்.

நான் டிக்கெட் போட்டேன் சார் என்றாள். திறந்து காட்டினாள். அட்மின் மூடியதாக இருந்தது, போட்ட அன்றைக்கே.

இதைப் படிக்கிற வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆபீஸில் அட்மின் என்று ஒரு ஆள் கிடையாது. அது ஒரே ஒரு லாகின். பாஸ்வேர்டு வெள்ளைப் பலகையின் மூலையில் எழுதியிருக்கும், அழிக்காதே என்று கீழே கோடும் போட்டிருக்கும். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் நுழைவோம். சின்னக் கம்பெனிகளில் இப்படித்தான் வேலை நடக்கிறது. நல்ல பழக்கம் இல்லை, ஆனால் அதுதான் பழக்கம்.

நீங்கள் அந்தப் பலகையைக் காட்டினீர்கள். பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியும்தானே என்றீர்கள். போட்டதும் அவள், சோம்பல்பட்டு மூடியதும் அவள் என்று குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தீர்கள். அவள் உங்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு நான் உங்கள் அறைக்குப் போனது அவளுக்குத் தெரியும். நான் என் லேப்டாப்பைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. வீட்டுக் கடன், பெண்ணின் பள்ளி, எல்லோரும் சொல்கிற காரணங்கள் எனக்கும் இருந்தன. அவற்றைச் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை.

அவளை ராஜினாமா எழுதச் சொன்னீர்கள். விடுவிப்புக் கடிதத்தில் ‘தரவைச் சரிபார்ப்பதில் கவனக்குறைவு’ என்று ஒரு வரி சேர்த்தீர்கள். அந்த வரி தேவையே இல்லை. துணிக் கம்பெனிக்கு அதன் நகலை அனுப்பி, தவறு செய்தவரை நீக்கிவிட்டோம் என்று காட்டுவதற்காகப் போட்டது. ஒரு மெயிலைச் சமாளிக்க ஒரு பெண்ணின் பிழைப்பில் கை வைத்தீர்கள். இந்தத் தொழிலில் அடுத்த கம்பெனி முதலில் கேட்பது அந்தக் கடிதத்தை.

பூந்தமல்லி பக்கம் ஒரு கம்பெனி அவளை எடுத்தது. நேர்காணல் எல்லாம் முடிந்து, கடிதத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். பழைய கம்பெனியிலிருந்து விளக்கம் வந்தால் சேரலாம், மாதக் கடைசி வரை இடம் இருக்கும் என்றார்கள். அவள் உங்களுக்கு எழுதினாள். பதில் இல்லை. நான் வேலையை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதினேன், நடந்ததை நடந்தபடி. ஒரே வரியில் பதில் போட்டீர்கள். அந்த பாஸ்வேர்டு உங்களுக்கும் தெரியுமே மேடம் என்று. ஏழு வருடம் என்னை நீங்கள் மேடம் என்று கூப்பிட்டதில்லை. துணிக் கம்பெனிக்கும் எழுதினேன். உங்கள் உள்விவகாரத்தில் தலையிட விரும்பவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, பச்சைப் புள்ளியை அப்படியே விட்டிருக்கிறீர்கள். இப்போது அது எதையும் குறிக்கவில்லை. சும்மா பச்சை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆவடிக்குப் போனேன். குவார்ட்டர்ஸ் வாசலில் அவளுடைய அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உள்ளே கை காட்டினார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று போன எனக்கு அழுகைதான் வந்தது.

“அழுவாதக்கா. நீ அழுதா எனக்கு வேல வந்துடுமா? அன்னிக்கு வாயத் தொறக்கல. இப்பத் தொற. என்னாண்ட தொறந்து பிரயோஜனம் இல்ல, நாலு பேரு கேக்குற இடத்துல தொற.”

அவள் சொன்னது சரி. அதனால் தொழில்காரர்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில் இதைப் போடுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மறுபடி பேசப்போகிறீர்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. இந்த முறை தலைப்பு, தரவில் வெளிப்படைத்தன்மை. நானும் வருவேன். பேச்சு முடிந்து கேள்வி நேரத்தில் மைக் என் கைக்கு வரும், வராவிட்டால் வாங்கிக்கொள்வேன். கேட்கப்போவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரடித் தகவல் நிற்கிறது என்று உங்களுக்கு வந்த மூன்று மெயிலையும் படித்தீர்களா இல்லையா? அந்த டிக்கெட்டை மூடிய கை யாருடையது?

தனியாக வாருங்கள் பேசலாம் என்று போன் செய்ய வேண்டாம், எடுக்கமாட்டேன். வக்கீல் மூலம் பதில் வேண்டாம். டிக்கெட்டை மூடியது நான் என்று என்மேல் பழி போடுவதாக இருந்தால் அதையும் அங்கே, எல்லோரும் கேட்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவளும் வருகிறாள். பதில் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்குங்கள்.